தாக்குதல் என்று எழுதிய கொப்பி

பிரான்ஸ் நாட்டை மூன்று கிழமையில் சைக்கிளில் சுற்றிவரும் ஓட்டப் போட்டி ஒன்று ஒவ்வொரு யூலை மாதமும் நடக்கிறது. தொண்ணூறுகளின் நடுவில், கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மேல்மாடி அறையில் இருந்துகொண்டு நானும் என்னோடு தங்கியிருந்தவரும் அந்த ஓட்டத்தைப் பின்தொடர்ந்தோம். ஒரு தடவையும் கண்ணால் கண்டதில்லை. எங்களிடம் தொலைக்காட்சிப் பெட்டி இல்லை, இருந்திருந்தாலும் கொழும்பில் அதை யாரும் காட்டவில்லை. மூன்றாவது வருடம் ஓட்டம் முடிவதற்கு முன்னமே அவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். பிடிபட்டிருக்க வேண்டியவன் நான். இதைச் சொல்ல எனக்கு இத்தனை காலம் எடுத்தது.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன். கொள்ளுப்பிட்டியில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் கிளாக் வேலை. அவர் ஹற்றன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன அச்சகத்தில் வேலை செய்தார். கல்யாண அழைப்பிதழ், மரண அறிவித்தல், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கொடுக்கும் நினைவுமலர் இவைதான் அங்கே அச்சாகும். அவற்றைக் கட்டாகக் கட்டி, அச்சகத்துச் சைக்கிளில் ஏற்றி, ஊர் முழுக்கக் கொண்டுபோய்க் கொடுப்பது அவருடைய பொறுப்பு. என்னைவிட மூன்று வயது மூத்தவர். நான் அவரை அண்ணை என்று கூப்பிடுவேன், அவர் என்னைத் தம்பி என்பார். கீழ்வீட்டில் இருந்த அன்ரி, ஒரு யாழ்ப்பாணத்து விதவை, அறையை இரண்டு பேருக்குக் கொடுத்திருந்தார். அப்படித்தான் நாங்கள் சேர்ந்தோம்.

ஓட்டத்தை எங்களுக்குக் காட்டித்தந்தவர் என் சொந்த அண்ணா. அவர் ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் ஒருவன் மூலம் பாரிஸ் போய், ஒரு உணவுக் கடைக் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். முதல் யூலையில் அவருடைய கடிதம் ஒன்று வந்தது. "எங்கட தெருவை காலமையே பூட்டிப்போட்டாங்கள். நான் ஏதோ குண்டு எண்டு பயந்துபோனன். பிறகு பாத்தா சைக்கிள் ஓட்டம். சனம் ரெண்டு பக்கமும் கதிரை போட்டு விடியவே வந்து குந்தியிருக்குது. நூற்றைம்பது பேருக்கு மேல ஒரே சத்தமாப் போனாங்கள். காத்தடிச்ச மாதிரி, ரெண்டு நிமிசம், முடிஞ்சுது. ஆனா சனம் வீட்ட போகேல்லை, கடைசி ஆள் வருமட்டும் நிண்டு கைதட்டுது." கடிதத்தோடு பத்திரிகைத் துண்டு ஒன்றும் இருந்தது. மலைப்பாதையில் பாம்பு மாதிரி வளைந்துபோகும் தெரு, அதில் வரிசையாகச் சைக்கிள்காரர்கள்.

நான் அந்தப் படத்தை மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தபோது அண்ணை அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இது எந்த ஊரு? எங்க பக்கம் மாதிரியே இருக்கே."

"பிரான்ஸ் அண்ணை. ரேஸ்."

"சைக்கிள்லயா? இந்த ஏத்தத்தயா?" அவர் வளைவுகளை விரலால் எண்ணினார். "பதினோரு வளைவு தெரியுது. மேல இன்னும் இருக்கும். யாரு பெத்த புள்ளைங்களோ."

அவர் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர். ஆங்கிலம் தெரியாது, தமிழிலும் அச்செழுத்தைத்தான் கூட்டி வாசிப்பார், கையெழுத்து அவருக்கு ஓடாது. ஆனால் ஏற்றம் என்றால் என்ன என்று எனக்கு அவர்தான் விளங்கப்படுத்தினார். நான் பிறந்த ஊரில் ஏற்றமே இல்லை. பாலத்தில் ஏறும்போது எழும்பி நின்று மிதிப்பதுதான் எங்களுக்கு மலை. ஏற்றத்தில் முன்னால் போகிறவனின் முதுகைப் பார்த்தால் கால் ஓய்ந்துபோகும், நிலத்தில் உருளும் அவனுடைய பின்சில்லை மட்டும் பார்க்க வேண்டும், மூச்சை எண்ணிக்கொண்டு போக வேண்டும், வளைவின் வெளிப்பக்கமாகப் போனால் சரிவு குறைவு என்றெல்லாம் சொன்னார். இரண்டு கிழமை கழித்து அண்ணா அனுப்பிய பத்திரிகையில் ஒரு மலையேற்றக்காரனின் படம் இருந்தது. அவன் வளைவின் வெளிப்பக்கமாகவே போய்க்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு அண்ணா ஒவ்வொரு யூலையும் கடைக்கு வருகிறவர்கள் விட்டுவிட்டுப் போகும் விளையாட்டுப் பத்திரிகைகளைச் சேர்த்து, பத்து நாளுக்கொரு தடவை கட்டி அனுப்பினார். அது வந்துசேர இரண்டு கிழமை செல்லும். அதனால் ஓட்டத்தை நாங்கள் இரண்டு தடவை பின்தொடர்ந்தோம். முதலில் ரேடியோ. காலையில் சிற்றலையில் ஆங்கிலச் செய்திக்குப் பிறகு விளையாட்டுச் செய்தி வரும். கிரிக்கெட், டெனிஸ் எல்லாம் முடிந்த பிறகு, நேற்று யார் வென்றான், மஞ்சள் பனியன் யாரிடம் இருக்கிறது என்று இரண்டு வசனம் சொல்வார்கள். மொத்த நேரத்தில் முன்னுக்கு நிற்பவன் போடுகிறது மஞ்சள் பனியன். அந்த இரண்டு வசனத்துக்காக நான் பல் தீட்டிக்கொண்டே ரேடியோவுக்குக் கிட்ட நிற்பேன். அண்ணை சைக்கிளின் பின்காரியரில் கயிற்றைச் சுற்றியபடி கீழிருந்து கூப்பிடுவார்.

"தம்பி! மஞ்சச் சட்ட யாருகிட்ட?"

"இன்னும் அந்த ஸ்பெயின்காரனிட்டத்தான்."

"காப்பிக்காரன்?"

"சொல்லேல்லை."

காப்பிக்காரன் என்றால் கொலம்பியாவிலிருந்து வந்த ஒரு குள்ளமான மலையேற்றக்காரன். அவனுடைய ஊரில் மலைச்சரிவெல்லாம் கோப்பித் தோட்டம் என்று ஒரு பத்திரிகைத் துண்டிலிருந்து அண்ணா மொழிபெயர்த்து எழுதியிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து அண்ணைக்கு அவன் உறவுக்காரன் ஆகிவிட்டான். "எங்காளுங்கள இந்த நாட்டுக்குக் கூட்டியாந்ததே காப்பிக்குத்தான் தம்பி. தேயில பொறகுதானே வந்துச்சு" என்று சொன்னார். சமதரையில் காப்பிக்காரன் எப்போதும் கடைசிக் கூட்டத்தில் இருப்பான். மலை வந்தால் முன்னுக்கு வருவான். அவன் ஒரு நாளும் முழு ஓட்டத்தையும் வெல்லப்போவதில்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அதைப் பற்றி நாங்கள் கதைப்பதில்லை.

பிறகு பத்திரிகைக் கட்டு வரும். முடிந்துபோன ஓட்டம் இரண்டாம் முறை தொடங்கும். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. அண்ணா ஓரங்களில் பென்சிலால் எழுதிவிடும் தமிழையும், என் அலுவலகத்தில் கிடந்த பழைய அகராதி ஒன்றையும் வைத்து, ஒவ்வொரு நாளின் கதையையும் நான் ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதினேன். கடின அட்டை போட்ட பெரிய கொப்பி. எங்கே புறப்பாடு, எங்கே முடிவு, எத்தனை கிலோமீற்றர், எத்தனை மலை, எந்த மலை எத்தனை மீற்றர் உயரம், யார் எங்கே என்ன செய்தான் எல்லாம் அதில் இருக்கும். பக்கத்துக்குப் பக்கம் மலைகளின் கோட்டுப்படமும் கீறினேன்.

அந்தக் கொப்பியில் எனக்குப் பெருமை அதிகம். ஓட்டத்தைப் பற்றித் தமிழில் யாரும் எழுதியதை நான் பார்த்ததில்லை. சொற்களை நானே தேடிப்பிடிக்க வேண்டியிருந்தது. எல்லோரும் சேர்ந்து போவது கூட்டம். அதை விட்டு முன்னால் பிரிந்து போகிறவர்கள் தப்பியோடியவர்கள். சாப்பாட்டுப் பை கொடுக்கும் இடம் விநியோக இடம். மஞ்சள் பனியன்காரன் தலைவர். திடீரென்று ஒருவன் வேகமெடுத்து மற்றவர்களை உதறிவிட்டுப் போவதற்குத் தாக்குதல் என்று எழுதினேன். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டுவேன்.

அவருக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. "ஏன் தம்பி தாக்குதல்ங்கிறீங்க? விர்ருன்னு ஓடுனான்னு எழுதுனா பத்தாதா?"

"இல்லை அண்ணை, அவங்கள் அப்பிடித்தான் சொல்லுறவங்கள். அதின்ர சரியான தமிழ் அதுதான்."

"எனக்கென்னமோ செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கு."

நான் சிரித்தேன். சரியான தமிழ் என்ற எண்ணத்தில் அவர் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பின்னர் எத்தனையோ நாள் அந்த வசனத்தை நினைத்துப் பார்த்திருக்கிறேன். விர்ரென்று ஓடினான். அதில் என்ன குறை?

இரண்டாவது வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கிருந்தோ இன்னொரு சைக்கிள் இரவல் வாங்கி வந்தார். கல்கிசை வரை போய் வருவோம் என்றார். அவர் தினமும் வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை போய் வருகிறவர். ஒரு வழி பத்துக் கிலோமீற்றர் இருக்கும். பிரான்ஸ்காரர்கள் ஒரு நாளைக்கு அதைப்போல இருபது மடங்கு போகிறார்கள் என்று கணக்குப் பார்த்துவிட்டு, "அப்ப நாம ஒரு மடங்காவது போவோம்" என்றார். காலி வீதியில் பஸ்களுக்கு நடுவே அவர் என்னைத் தன் பின்சில்லைப் பார்த்து வரச்சொல்லிவிட்டு முன்னால் போனார். தெஹிவளைச் சோதனைச் சாவடியில் இறங்கி உருட்டினோம். அங்கே நின்ற ஆமிக்காரப் பையன் அடையாள அட்டைகளைப் பார்த்துவிட்டு எங்கே போகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டான்.

"ரேஸ் எகக் மல்லி" என்றார் அவர். ரேஸ் தம்பி, ரேஸ்.

அந்தப் பையனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னைக் காட்டி, "மெயா பரதய்" என்றான். இவர் தோற்றுவிடுவார் என்று பொருள். கல்கிசையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையைத் திரும்ப ஏறும்போது எனக்கு மூச்சு முட்டியது. அவர் மேலே போய் நின்று, அண்ணா எழுதிய பிரான்ஸ் சனங்களைப் போல நான் வரும்வரை கைதட்டிக்கொண்டிருந்தார். ஒரு வயதான சிங்களப் பெண் எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டு போனாள். என் கொழும்பு வாழ்க்கையில் பயமில்லாமல் இருந்த ஒரு முழு நாளைச் சொல்லச் சொன்னால் நான் அந்த நாளைத்தான் சொல்வேன்.

யூலை எங்களுக்கு நல்ல மாதம் இல்லை. எண்பத்திமூன்று யூலைக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பில் இருந்த தமிழர்கள் எல்லோருக்கும் அந்த மாதத்தின் மேல் ஒரு பயம் இருந்தது. மூன்றாவது வருடம் யூலையில் நகரத்தின் ஒரு மூலையில் குண்டு வெடித்தது. அடுத்த சில நாட்கள் வெள்ளவத்தையில் ஒழுங்கை ஒழுங்கையாகத் தேடினார்கள். ஓட்டம் அப்போது மலைகளுக்குள் போய்விட்டிருந்தது. அந்த வருடத்து முதல் பத்திரிகைக் கட்டு இன்னும் வந்துசேரவில்லை. ரேடியோவில் காப்பிக்காரனின் பெயரை இரண்டு நாள் தொடர்ந்து சொன்னார்கள். சனிக்கிழமை மாலை அண்ணை கொப்பியை என்னிடம் வாங்கி, மலைப் படங்களைப் பார்த்துக்கொண்டே படுத்தார். காலையில் அது அவருடைய தலையணைக்குக் கீழே இருந்தது.

ஞாயிறு காலை பத்து மணியளவில் வந்தார்கள். இரண்டு ட்ரக் ஒழுங்கை வாயிலில் நின்றது. எங்கள் அறைக்கு ஒரு பொலிஸ் அதிகாரியும் இரண்டு கான்ஸ்டபிள்களும் துவக்கோடு ஒரு ஆமிக்காரனும் ஏறி வந்தார்கள். நாங்கள் அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவுத் துண்டையும் நீட்டினோம். அதுவரை எல்லாம் வழக்கம்போலத்தான். பிறகு ஒரு கான்ஸ்டபிள் மெத்தையைப் புரட்டினான். பத்திரிகைத் துண்டுகள் வைத்திருந்த பை கட்டிலுக்குக் கீழே இருந்து வந்தது. சிவப்புக் கோடு போட்ட வரைபடங்கள் நிலத்தில் கொட்டின. தலையணைக்குக் கீழிருந்து கொப்பி வந்தது.

அதிகாரி பக்கங்களைப் புரட்டினார். கிலோமீற்றர்கள், நேரங்கள், மலை உயரங்கள், கோட்டுப்படங்கள். அவர் முகம் மாறியதைக் கண்டேன். இரண்டு கான்ஸ்டபிள்களில் ஒருவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். கொப்பி அவன் கைக்குப் போனது. அவன் எழுத்துக்கூட்டி உரத்து வாசித்தான். என் எழுத்து, என் வசனங்கள்.

"தப்பியோடியவர்கள் எட்டுப் பேர். விநியோக இடம் தொண்ணூற்றிரண்டாவது கிலோமீற்றர். தலைவர் மலையில் தனித்துவிடப்பட்டார். நாளை தாக்குதல் நிச்சயம்."

பிறகு அதைச் சிங்களத்தில் சொன்னான். அதிகாரி கொப்பியைத் திரும்ப வாங்கினார்.

"மேக்க காகெத?" என்றார் அதிகாரி. இது யாருடையது?

அண்ணை என்னைப் பார்த்தார். இதை நான் சரியாகச் சொல்ல வேண்டும். பல வருடம் எனக்கு நானே இதைக் கொஞ்சம் மாற்றிச் சொல்லி வந்திருக்கிறேன். அவர் உடனே முன்வரவில்லை. முதலில் என்னைப் பார்த்தார். நான் வாய் திறப்பேன் என்று காத்திருந்தார். ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம் இருக்கும். நான் நிலத்தில் கிடந்த பத்திரிகைத் துண்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம் இருந்தது. அவருடையதில் தோட்டத்து விலாசம். யாழ்ப்பாணத்து ஆளென்றால் புலி என்றே சந்தேகிப்பார்கள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

"மகே, சேர்" என்றார் அவர். என்னுடையது. "பைசிகல் ரேஸ் எகக்."

பிரான்ஸில் நடக்கும் ரேஸுக்கும் உனக்கும் என்ன உறவு என்று அதிகாரி கேட்டார். அவர் சிங்களத்தில் விளங்கப்படுத்தப் பார்த்தார். மலை என்றார், மஞ்சள் சட்டை என்றார், காப்பிக்காரன் என்றார். அவர்கள் அவரை நம்பியிருக்க முடியாது. எனக்கே அப்போது அது பொய் மாதிரித்தான் கேட்டது. கொப்பியையும் பையையும் அவரையும் கொண்டு படியிறங்கினார்கள். என்னுடைய அட்டையை ஆமிக்காரன் திருப்பித் தந்தான். அண்ணை செருப்புப் போட மறந்துவிட்டார். அதை எடுத்துக்கொண்டு ஓடலாம் என்று நினைத்தேன், ஆனால் ஓடவில்லை.

கீழே அன்ரி என் கையைப் பிடித்துக் குசினிக்குள் இழுத்தார். "தம்பி, நீர் ஒண்டும் கதைக்க வேண்டாம். அவர் மலைநாட்டு ஆள், சிங்களமும் நல்லாக் கதைப்பார், நாலு நாளில விட்டிடுவினம். நீர் போனா வரமாட்டீர். உம்மட அம்மாவை யோசியும்."

எனக்குத் தேவையாயிருந்த வார்த்தைகள் அவை. அன்ரியை நான் குற்றம் சொல்லவில்லை. அவர் சொல்லாவிட்டாலும் நான் அதைத்தான் செய்திருப்பேன்.

நாலு நாளில் விடவில்லை. ஐந்தாம் நாள் நான் கல்கிசையில் வேறு அறை பார்த்துக்கொண்டு போனேன். போகும் முன் அந்த வருடத்து முதல் பத்திரிகைக் கட்டு தபாலில் வந்தது. அதைப் பிரிக்காமலே கிழித்து, ஒரு பையில் போட்டு, வெள்ளவத்தைக் கால்வாயில் எறிந்தேன். அண்ணாவுக்கு இனிப் பத்திரிகை அனுப்ப வேண்டாம் என்று எழுதினேன். காரணம் எழுதவில்லை.

ஒரு மாதம் கழித்து அச்சகத்து முதலாளி என் அலுவலகத்துக்கு வந்தார். கொட்டாஞ்சேனைக்காரர், கத்தோலிக்கர், கழுத்தில் சிலுவை போட்ட கனத்த மனிதர். அதுவரை நான் அவரைக் கண்டதில்லை. வாசலில் நிற்க வைத்தே கதைத்தேன், மற்றவர்களுக்குக் கேட்கக் கூடாதென்று.

"லோயர் பிடிச்சிருக்கிறன் மகன்" என்றார். "அவனைப் பூசாத் தடுப்பு முகாமுக்கு மாத்திட்டாங்கள். கொப்பிதான் பிரச்சினை. அவனுக்கு எழுதக் குடுத்துப் பாத்திருக்கிறாங்கள், அவன்ட கையெழுத்து இல்லையெண்டு தெரிஞ்சுபோச்சு. யாரு எழுதினதெண்டு கேக்கிறாங்கள். அவன் சொல்லுறான் இல்லை." அவர் என்னை உற்றுப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றேன்.

அவருக்குத் தெரிந்திருந்தது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனாலும் அவர் கோபப்படவில்லை. "சரி. எழுதினவர் யாரெண்டாலும், லோயரிட்ட வந்து இது ரேஸ்தான் எண்டு ஒரு சத்தியக் கடதாசி குடுத்தா பெரிய உதவி. லோயர் பக்கத்தில இருப்பார், பயமில்லை. வாற திங்கள் ஒன்பது மணிக்கு அச்சகத்தில இருந்து போறம். அவரைக் கண்டா சொல்லுங்க."

அந்தத் திங்கள் நான் வெளிக்கிட்டேன். வெள்ளைச் சேட்டுப் போட்டு, அண்ணாவின் பழைய கடிதம் ஒன்றையும் சேப்பில் வைத்துக்கொண்டு, கல்கிசையில் பஸ் ஏறினேன். வெள்ளவத்தையைத் தாண்டும்போதுகூடப் போகத்தான் போகிறேன் என்று நம்பினேன். பம்பலப்பிட்டியில் ஒரு சோதனை. எல்லோரையும் இறக்கி வரிசையில் விட்டார்கள். என் அட்டையைப் பார்த்த பொலிஸ்காரன் மேலும் கீழும் ஒரு தடவை பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தான். அவ்வளவுதான் நடந்தது. பஸ் திரும்ப வெளிக்கிட்டபோது நான் ஏறவில்லை. கடற்கரைப் பக்கம் நடந்துபோய் ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் கல்லில் இருந்தேன். ஒன்பது மணி ஆனது. பத்து மணி ஆனது. பிறகு அலுவலகம் போய், தலையிடி என்று சொல்லி, மாலைவரை வேலை செய்தேன்.

அன்று மாலை அலுவலகத் தட்டச்சில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் அடித்தேன். அந்த ஓட்டம் என்ன, அதில் வரும் சொற்களுக்கு என்ன கருத்து என்று ஒன்றரைப் பக்கம். அழகாகத்தான் வந்திருந்தது. அடியில் பெயர் போடவில்லை. அச்சகத்து விலாசம் எழுதிப் பெட்டியில் போட்டேன். பெயரில்லாத கடதாசியை வைத்து ஒரு லோயர் என்ன செய்வார்?

அண்ணை ஐந்து மாதம் உள்ளே இருந்தார். கடைசியில் அவரை வெளியே கொண்டுவந்தவர் ஒரு பாதிரியார். இளவயதில் பிரான்ஸில் படித்தவர். முதலாளி மாதா கோவிலில் அவரைச் சந்தித்திருக்கிறார். பாதிரியார் நீதிமன்றத்துக்கு வந்து, பத்திரிகைத் துண்டுகளைப் பார்த்து, இது ஒவ்வொரு வருடமும் நடக்கும் சைக்கிள் ஓட்டம், இவை அதில் வரும் மலைகள் என்று சொன்னாராம். அண்ணையை அவர் அதற்கு முன் கண்டதே இல்லை. பத்து நிமிடத்தில் முடிந்தது என்று முதலாளி தொலைபேசியில் சொன்னார். அவர் எனக்கு ஏன் தொலைபேசி எடுத்துச் சொன்னார் என்று தெரியவில்லை. சொல்ல வேண்டியது என்று நினைத்திருக்கலாம்.

நான் பிறகும் மூன்று கிழமை கழித்துத்தான் போனேன். ஒரு சனிக்கிழமை மத்தியானம். அச்சகம் கொட்டாஞ்சேனையில் ஒரு குறுக்குத் தெருவில் இருந்தது. மை மணக்கும் நீளமான அறை. அவர் பின்பக்கத்தில் ஒரு நீள வாங்கில் உட்கார்ந்து நினைவுமலர் ஒன்றின் பக்கங்களை மடித்துக்கொண்டிருந்தார். இடது கால் முன்னால் நீட்டியபடி இருந்தது. என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தார். முழங்கால் மடியவில்லை.

"இருங்கோ அண்ணை, இருங்கோ."

"வாங்க தம்பி. மெலிஞ்சுட்டீங்களே." அவர்தான் பாதியாகியிருந்தார். "டீ சொல்லட்டா?"

சைக்கிளுக்கு இப்போது வேறு ஆள் வைத்திருப்பதாகச் சொன்னார். தை பிறந்தால் தோட்டத்துக்குப் போய்விட எண்ணம் என்றார். காலைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தேத்தண்ணீர் வந்து ஆறியது. மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தேன். கடைசியில் வேறொன்றைக் கேட்டேன்.

"ஏன் அண்ணை என்ர பெயரைச் சொல்லேல்லை?"

அவர் மடித்துக்கொண்டிருந்த தாளை நகத்தால் நீவினார். "சொல்லியிருந்தா ரெண்டு பேரும் உள்ளதானே தம்பி. ஒருத்தன் வெளிய இருந்தா வந்து வெளங்கப்படுத்துவான்னு நெனச்சேன்."

குரலில் குத்தல் இல்லை. ஒரு கணக்குப் போட்டது பிழைத்துவிட்டது என்று சொல்லும் குரல். அவர் என்னை ஏசியிருந்தால் நான் அங்கேயே அழுதிருப்பேன், மன்னிப்புக் கேட்டிருப்பேன். அவர் அடுத்த தாளை எடுத்தார்.

"அத விடுங்க. அந்தக் காப்பிக்காரன் என்ன ஆனான்? அன்னிக்கு மலையில முன்னுக்கு நின்னானே. உள்ள இருக்கையில அதத்தான் யோசிச்சுக்கிட்டிருந்தேன். ஒருத்தருக்கும் தெரியல. யாருகிட்ட கேக்குறது?"

எனக்கும் தெரியாது. அந்த ஞாயிறுக்குப் பிறகு நான் ரேடியோவைப் போடவில்லை. வந்த கட்டு கால்வாயில் போய்விட்டது, பதில் இருந்த பத்திரிகைகளை அனுப்ப வேண்டாமென்று அண்ணாவுக்கு நானே எழுதிவிட்டேன். அவருடைய முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியவில்லை.

"வெண்டவன் அண்ணை" என்றேன். "அந்த மலையை அவன்தான் வெண்டவன்."

"தனியாவா?"

"தனிய."

அவர் சிரித்தார். மேல்வரிசையில் ஒரு பல் இல்லை. "பாத்தீங்களா. நான் சொன்னேன்ல" என்று சொல்லி, முன்பக்கம் இருந்த முதலாளிக்கும் கேட்கும்படி இன்னொரு தடவை சொன்னார். முதலாளி கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்துவிட்டுத் தன் வேலையைத் தொடர்ந்தார். நான் வெளிக்கிட்டபோது அண்ணை வாசல்வரை காலை இழுத்துக்கொண்டு வந்தார். அதுதான் கடைசி.

அந்தக் காப்பிக்காரன் உண்மையில் என்ன ஆனான் என்று அண்ணாவிடம் ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கலாம். கேட்கப் பயமாக இருந்தது. அவன் தோற்றிருந்தால் நான் சொன்னது பொய்யாகிவிடும். வென்றிருந்தாலும் நான் அதைத் தெரிந்து சொல்லவில்லை.

அண்ணை தோட்டத்துக்குத்தான் போனார். சில வருடம் கழித்து அச்சகத்துக்குப் போனபோது, கலியாணம் கட்டிவிட்டார், தோட்டத்துக் கடை ஒன்றில் நிற்கிறார் என்று முதலாளி சொன்னார். விலாசத்தை ஒரு பழைய அழைப்பிதழின் பின்பக்கத்தில் எழுதித் தந்தார். நான் அதை இரண்டு வருடம் பேர்ஸில் வைத்திருந்தேன். யுத்தம் முடியாத ஒரு வருடத்தின் மழைக்காலத்தில், ஒரு விடுமுறை நாளில், உட்கார்ந்து எழுதினேன். கொப்பி என்னுடையது என்று அன்று நான் சொல்லியிருக்க வேண்டும் என்று எழுதினேன். திங்கட்கிழமை பம்பலப்பிட்டியில் இறங்கியதை எழுதினேன். மலையைப் பற்றிச் சொன்ன பொய்யையும் எழுதினேன். அடியில் என் முழுப் பெயரையும் போட்டேன்.

கடிதத்துக்குப் பதில் வரவில்லை. அது திரும்பியும் வரவில்லை. விலாசம் பிழைத்திருக்கலாம். இல்லாவிட்டால் யாராவது அதை அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கலாம். என் எழுத்தை அவருக்கு எப்போதும் யாராவது வாசித்துத்தான் காட்ட வேண்டும். வாசித்தவர் யார், எந்த இடத்தில் நிறுத்தினார், அவர் என்ன சொன்னார் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.